இலையை ஒட்டி நிற்கும் நீர்

30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதிலுள்ள நீர் துளியும் அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். பம்ப் ஓடவில்லை, மீன் இல்லை, மேலும் கீழும் ஒரே வெப்பநிலை. ஒரு பக்கக் கண்ணாடியை ஒட்டிக் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு தானாகப் பரவி எதிர்ப்பக்கத்தை எட்ட எவ்வளவு காலம் ஆகும்? ஏறக்குறைய 9 மாதம். காற்றில் அதே தூரத்தைக் கடக்க அதற்கு முக்கால் மணி நேரம் போதும்.

மூலக்கூறுகள் சோம்பிக் கிடப்பதால் வரும் தாமதம் என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் அவை துடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. நீருக்குள் நெரிசல் அதிகம். நகரத் தொடங்குவதற்குள் பக்கத்து மூலக்கூறின்மேல் மோதித் திசை மாறிவிடுகின்றன. முன்னே போனது பின்னே வருகிறது, பின்னே வந்தது பக்கவாட்டில் போகிறது. 1855இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் இந்தப் பரவலுக்கு விதி எழுதினார். 1905இல் ஐன்ஸ்டைன் அதன் பின்னாலிருக்கும் தள்ளாட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கின் சாரம் இதுதான்: தூரம் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். ஆகவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கடக்க 3 நொடிகூட ஆகாது. ஒரு மில்லிமீட்டருக்கு 4 நிமிடத்துக்கு மேல். ஒரு சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம். ஒரு செல்லுக்குள் நடமாட இந்த வழி ஏற்றது. மீன்தொட்டிக்குச் சரிப்படாது.

உண்மையான தொட்டி எதுவும் இவ்வளவு அசைவற்று இருப்பதில்லை. விளக்குச் சூட்டில் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகும். மேற்பரப்பு நீர் ஆவியாகும்போது மிச்சமிருப்பது குளிர்ந்து கீழே இறங்கும். ஒரு கப்பி மீன் வாலை ஆட்டினாலே சிறு சுழல் பிறக்கும். நகரும் நீர் தன்னில் கரைந்ததையும் தூக்கிக்கொண்டு போவதால், 9 மாதப் பயணம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் எவ்வளவு பெரிய பம்பை மாட்டினாலும் ஓரிடத்தில் மட்டும் நீர் நகர மறுக்கும். அந்த இடம் இலையின் மேற்பரப்பு.

1904 ஆகஸ்டில் ஹைடல்பெர்க் நகரில் கணிதவியலாளர்களின் மூன்றாவது உலக மாநாடு கூடியது. அங்கே 29 வயது லுட்விக் பிராண்டில் ஒரு சிறு கட்டுரை வாசித்தார். திடப்பொருளைத் தொடும் பாய்மம் அதோடு ஒட்டி நின்றுவிடுகிறது; கொஞ்சம் தள்ளிப் போகப் போக வேகம் கூடி, ஒரு மெல்லிய அடுக்கைத் தாண்டியதும் முழு வேகத்தை எட்டுகிறது என்பது அதன் மையம். எல்லை அடுக்கு என்று இன்று அதைச் சொல்கிறோம். விமான இறக்கையைப் புரிந்துகொள்ள உதவிய அதே கருத்து, தொட்டிக்குள் நிற்கும் ஒரு பச்சை இலைக்கும் அப்படியே பொருந்துகிறது. இலையைச் சுற்றி நீர் ஓடினாலும் இலையோடு ஒட்டிய படலம் ஏறத்தாழ நின்றே இருக்கிறது. கார்பன் டைஆக்சைடு அந்தப் படலத்தின் வெளி ஓரம் வரை நீரோட்டத்தோடு சவாரி செய்து வரலாம். அதற்கப்புறம் இறங்கி நடந்தாக வேண்டும், ஃபிக் எழுதிய விதிப்படி, ஆமை வேகத்தில்.

படலத்தின் கனம் எவ்வளவு? 2 சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டையான இலையின்மேல் நீர் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் போனால், வாயு தானாகப் பரவிக் கடக்க வேண்டிய அந்தப் பகுதி, தகட்டுக்கான கணக்கின்படி, ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் வரும். இலையின் கனத்தைவிட இது பல மடங்கு. ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலையில் இருப்பது இரண்டே செல் அடுக்கு. அதாவது இலைக்குள் நுழைந்தபின் செல்லைச் சேர்வது எளிது. வாசல் வரை வந்து சேர்வதுதான் பாடு.

ஹைட்ரில்லாவைப் பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். பீக்கரில் நீர், அதில் கவிழ்த்த புனலுக்குள் ஹைட்ரில்லாக் கொத்து, புனலின் காம்பின்மேல் தலைகீழாக நீர் நிரப்பிய சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறிக் குழாயின் தலையில் ஆக்சிஜனாகச் சேரும். ஆசிரியர் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போடச் சொல்லியிருப்பார். அந்தச் சோடா எதற்கு என்று பல வகுப்பறைகளில் யாரும் கேட்பதில்லை. காற்றோடு சமநிலையில் இருக்கும் சாதாரண நீரில், 25 டிகிரியில், லிட்டருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம் கார்பன் டைஆக்சைடுதான் கரைந்திருக்கும். நல்ல வெளிச்சத்தில் நிற்கும் செடிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சோடா கொடுக்கும் பைகார்பனேட்டிலிருந்து கார்பனைப் பிரித்தெடுக்க ஹைட்ரில்லாவுக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சோதனை வகுப்பு முடிவதற்குள் குமிழி காட்டுகிறது.

நிலத்துச் செடியின் இலை, இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளே விடுகிறது. மூழ்கி வளரும் இலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் துளைகள் கிடையாது. தோல் முழுவதும்தான் வாசல். வெயிலேறும்போது இலையை ஒட்டிய படலத்தில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. உள்ளே வர வேண்டிய கார்பன் டைஆக்சைடு தீர்ந்துகொண்டே போகிறது. வெளியே போக வேண்டிய ஆக்சிஜன் தேங்கிக்கொண்டே வருகிறது. இலைக்குள் கார்பனைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதி கொஞ்சம் ஏமாளி. கார்பன் டைஆக்சைடு குறைந்து ஆக்சிஜன் மிகுந்தால் தவறுதலாக ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே சேர்த்த கார்பனில் ஒரு பகுதி அதனால் வீணாகும். தொட்டியில் எவ்வளவு கார்பன் டைஆக்சைடு இருந்தாலும் தன் மேல்தோலில் நிற்கும் அரை மில்லிமீட்டர் நீரில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்த இலைக்குத் தெரியும்.

இந்தச் சிக்கலுக்குச் செடிகள் கண்ட விடைகளில் ஒன்றைத் தொட்டிக் கடைகளிலேயே பார்க்கலாம். கபோம்பா, அம்புலியா போன்றவற்றின் மூழ்கிய இலைகள் இறகுபோல், நூல் நூலாகப் பிரிந்திருக்கும். அவை நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டினால் வரும் இலையின் வடிவமே வேறு. முழுதாக, அகலமாக இருக்கும். எல்லை அடுக்கு இலையின் முன்விளிம்பில் பூஜ்யத்தில் தொடங்கி, பின்னே போகப் போகத் தடிக்கிறது. குறுக்களவு 2 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும் துணுக்கில் அது தடிக்க இடமே இல்லை. நான் மேலே சொன்ன அதே நீரோட்டத்தில், 2 மில்லிமீட்டர் துணுக்கின்மேல் படலம் கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அலங்காரம் என்று நாம் வாங்கிவரும் அந்த மென்மையான இறகு வடிவம், ஒட்டி நிற்கும் நீரை உதறித் தள்ளும் கருவி.

நீரோட்டம் ஒளிச்சேர்க்கையை எவ்வளவு கூட்டுகிறது என்பதை இங்கிலாந்தில் ஆற்றுச் செடிகளை ஆராய்ந்த வெஸ்ட்லேக் 1967இல் அளந்து வெளியிட்டார். நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, கண்ணுக்கு அசைவே தெரியாத வேகத்திலேயே ஒளிச்சேர்க்கை கணிசமாக ஏறியது. இதில் ஒரு நல்ல சேதியும் ஒரு எச்சரிக்கையும் இருக்கின்றன. முதல் சில மில்லிமீட்டர் வேகத்துக்குப் பெரும் பலன் உண்டு. அதற்குமேல் பலன் வேகமாகச் சுருங்கும். ஏனென்றால் படலத்தின் கனம் வேகத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறைகிறது. 0.8 மில்லிமீட்டரை 0.4 ஆக்க வேகத்தை நான்கு மடங்காக்க வேண்டும். 0.2 ஆக்கப் பதினாறு மடங்கு. அந்த நிலையில் மெல்லிய இலைகள் கிழியும், மண் பறக்கும், மீன்கள் மூலையில் ஒதுங்கி நிற்கும்.

ஆக, செடித்தொட்டிக்கு வேண்டியது எல்லா இலைக்கும் எட்டும் மெல்லிய ஓட்டம். எங்கோ ஓரிடத்தில் பீறிடும் ஓட்டத்தால் பயன் குறைவு. இது சொல்லச் சுலபம்; ஏனோ கடைக்குப் போனதும் நம் கை பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைத்தான் தேடுகிறது.

சென்னையின் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் நீருக்குள் மாட்டும் பவர்ஹெட் பம்ப், மூடிய டப்பாவாக வரும் கேனிஸ்டர் ஃபில்டர் எதை எடுத்தாலும் மணிக்கு இத்தனை லிட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். அது எந்தச் சுமையும் இல்லாமல் பம்ப் ஓடும்போது தரும் அளவு. பஞ்சும் செராமிக் வளையங்களும் போட்டு, ஒரு மீட்டர் உயரத்துக்குக் குழாயை ஏற்றி, நாலு வளைவும் வைத்தபின் வருவது வேறு. குறைந்தபட்சம் ஒரு வாளியையும் கடிகாரத்தையும் வைத்து அளந்து பார்க்கலாம். தொட்டியின் கொள்ளளவைப்போல் மணிக்குப் பத்து மடங்கு என்ற ஒரு வாய்ப்பாடு செடி வளர்ப்போரிடையே புழங்குகிறது. மோசமான தொடக்கமில்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பினால் என்னாகும் என்று ஒரு கணக்கு சொல்லும்.

60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம்: பலர் வீட்டில் இருக்கும் தொட்டி. ஃபில்டரிலிருந்து நிஜமாகவே மணிக்கு 500 லிட்டர் வருகிறது என்போம். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாயிலிருந்து அது நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. அதே நீரைத் தொட்டியின் முழுக் குறுக்குவெட்டிலும் சீராகப் பரப்பினால் கிடைக்கும் வேகம் நொடிக்கு 1.3 மில்லிமீட்டர். நத்தைகூட இதைவிட நடக்கும். அப்படியானால் நன்றாக அமைந்த தொட்டியில் மூலைமுடுக்கெல்லாம் சில சென்டிமீட்டர் வேகம் எங்கிருந்து வருகிறது?

பம்ப் தரும் நீரிலிருந்து மட்டும் வருவதில்லை. பாயும் தாரை தன் பக்கத்தில் நிற்கும் நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. தாரையின் விளிம்பில் சிறு சிறு சுழல்கள் உருண்டு, அக்கம்பக்கத்து நீரை விழுங்கிச் சேர்த்துக்கொள்கின்றன. தாரை போகப் போக அகலமாகிறது, வேகம் குறைகிறது, சுமந்து செல்லும் அளவு கூடுகிறது. தடையில்லாத வட்டத் தாரைக்கு இந்தக் கணக்கு நன்கு அறியப்பட்டது: வாயின் விட்டத்தைப்போல் 20 மடங்கு தூரம் போவதற்குள், புறப்பட்ட அளவைப்போல் 6 மடங்குக்கும் அதிகமான நீர் அதோடு நகர்கிறது. 12 மில்லிமீட்டர் வாய்க்கு அது 24 சென்டிமீட்டர் தூரம். ஃபில்டர் 500 லிட்டர் தந்தது. 24 சென்டிமீட்டர் தள்ளி 3,000 லிட்டர் ஓடுகிறது. மீதியைக் கொடுத்தது தொட்டியே. இந்தக் கணக்கை முதலில் பார்த்தபோது எனக்கு ஏதோ கைவித்தைபோலத்தான் பட்டது. வித்தை எதுவுமில்லை, உந்தம் மாறாமல் பலரிடம் பங்கிடப்படுகிறது, அவ்வளவே. அப்படி நகர்த்தப்பட்ட நீர் கண்ணாடியில் மோதித் திரும்பித் தாரையின் வேருக்கே வந்து மறுபடி இழுக்கப்பட்டால், தொட்டி முழுவதும் ஒரே சக்கரமாகச் சுழலத் தொடங்கும். ஃபில்டருக்குள் ஒருமுறை போய்வருவதற்குள் ஒரு நீர்த்துளி தொட்டியைப் பலமுறை சுற்றிவிடும்.

தாரையை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பது பம்பின் பலத்தைவிட முக்கியமாவது இதனால்தான். தாரை போய் விரிய நீளமான, தடையற்ற பாதை வேண்டும். பத்து சென்டிமீட்டரில் ஒரு மரக்கட்டையில் முட்டினால், துணைக்கு நீர் சேர்க்கும் முன்பே அதன் உந்தம் நுரைத்து அடங்கும். இரண்டு பவர்ஹெட்டுகளை எதிரெதிராக மாட்டினால் நடுவில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் ஓயும். மின்கட்டணம் மட்டும் இரட்டிப்பாகும். ஒரே திசையில் சக்கரத்தைத் தள்ளுவதுபோல் வைத்தால் சிறிய இரண்டு பம்புகளே போதும்.

நீரை உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம். மூச்சை உள்ளிழுத்து அணைத்துப் பாருங்கள், முடியாது. ஊதும்போது காற்று ஒரு திசையில் குவிந்து போகிறது. உறிஞ்சும்போது எல்லாத் திசையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. ஃபில்டரின் உறிஞ்சுகுழாயும் அப்படித்தான். விரற்கடை தூரம் தள்ளிவிட்டால் அதன் இழுப்பு மறைந்துவிடும். தொட்டியின் நீரோட்டத்தை வரைவது முழுக்க முழுக்க வெளிவிடும் வாய்.

அந்த வாயைப் பலர் பலவிதமாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஸ்ப்ரே பார் என்கிற துளையிட்ட குழாயைப் பின்கண்ணாடியின் நீளத்துக்கு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பொருத்தி, துளைகளை முன்கண்ணாடி நோக்கித் திருப்புவது ஒரு முறை. பத்துப் பன்னிரண்டு சிறு தாரைகள் ஒன்றோடொன்று கலந்து அகலமான ஒரே ஓட்டமாக மேற்பரப்பைக் கடந்து, முன்கண்ணாடியில் பட்டுக் கீழிறங்கி, மண்ணின்மேல் பின்னோக்கி நகர்ந்து, செடிகளின் அடிவழியே ஏறித் திரும்புகின்றன. துளை சிறிதானால் தாரை சீக்கிரம் தணியும். 30 சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் சீற்றம் போய்விடும். ஜப்பானின் தகாஷி அமானோ இன்னொரு வழியை அழகாக்கினார். நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞராக இருந்து, நீருக்கடியில் தோட்டம் அமைப்பதை ஒரு கலையாக்கியவர் அவர் (1954–2015). அவருடைய நிறுவனம் விற்ற கண்ணாடி லில்லி பைப்பின் முனை பூவிதழ்போல் விரிந்திருக்கும். வாய் விரிவதால் வேகம் குறைந்து நீர் பரவி வெளிவரும். 2015இல் லிஸ்பன் ஓஷனேரியத்தில் அவர் அமைத்த நன்னீர்க் காடு 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அவ்வளவு பெரிய தொட்டியிலும் ஒரு செவ்வாழை இலை அளவு மூலை தேங்கினால் அங்கே பாசி பிடித்துவிடும். அழகுக்கும் நீரோட்டத்துக்கும் பகையில்லை என்று காட்டியவர்களில் அவரே முதல் வரிசை.

உங்கள் தொட்டியில் நீர் எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரவில் அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கக் கண்ணாடி வழியே படுக்கையாக அடியுங்கள். ஒளிக்கீற்றில் நுண்துகள்கள் மின்னும். ஒரு துகளைத் தேர்ந்து கண்ணால் தொடருங்கள். மேற்பரப்பில் சர்ரென்று போகிறது. முன்கண்ணாடி அருகே தயங்கிக் கீழே வழுக்குகிறது. தரையில் புல்போல் படர்ந்த செடியின்மேல் ஊர்கிறது. ரொட்டாலாப் புதர் வரை வந்ததும் நிற்கிறது. உள்ளே போகவில்லை. புதரைச் சுற்றிக்கொண்டு விலகுகிறது. ஒரு சில துகள்கள் தண்டுகளுக்கு நடுவே நுழைந்தாலும் இரண்டு விரற்கடைக்குள் அசைவற்றுத் தொங்கும், பிறகு மெல்லப் படியும். புதரின் அடியிலைகள் ஏன் கறுத்து உதிர்கின்றன என்று தெரியாமல் உரம் மாற்றி உரம் ஊற்றிக்கொண்டிருப்போருக்கு அந்த டார்ச் வெளிச்சத்தில் பாதி விடை கிடைத்துவிடும். (மீதிப் பாதி நிழல்.)

நீர் எளிய வழியைத்தான் தேடும். செடி அடர்ந்தால் அது ஒரு சுவராகிறது. ஆறு மாதத்துக்கு முன் சரியாக இருந்த ஓட்டம் இன்று இல்லை என்றால் பம்பைக் குறை சொல்ல வேண்டாம், கத்தரிக்கோலை எடுக்கலாம். புதரை வெட்டி மெலிதாக்குவதும், மரக்கட்டைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே கையளவு இடைவெளி விடுவதும், கற்களை மூலையோடு மூலையாக அடைக்காமல் இருப்பதும் புதிய பம்ப் வாங்குவதற்கு ஒப்பான வேலைகள். கார்பன் டைஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை அந்த வாயுவை ஏற்றுகிறார்கள். இயற்கை அளவைப்போல் 30, 50 மடங்கு. அதையும் வாயுவை நுண்குமிழிகளாக விடும் டிஃப்யூசருக்கு மேலிருக்கும் செடிகளே விழுங்கிவிட, எதிர்மூலை பட்டினி கிடப்பது அடிக்கடி நடக்கும். டிராப் செக்கர் என்ற சிறு கண்ணாடிக் குமிழை அந்த எதிர்மூலையில் தொங்கவிட்டால் உண்மை தெரியும். உள்ளே இருக்கும் நிறங்காட்டி நீலமாக இருந்தால் வாயு போதவில்லை, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். குமிழுக்குள் நிற்கும் நீரில் வாயு பரவ வேண்டுமே.

ஒரு முரண்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். செடிகளின்மேல் முத்து முத்தாக ஆக்சிஜன் குமிழ்வதை வளர்ப்போர் பேர்லிங் என்று கொண்டாடுகிறார்கள். இலையை ஒட்டிய நீர் ஆக்சிஜனால் நிரம்பி, மேற்கொண்டு கரைய இடமில்லாதபோது அது குமிழியாகிறது. நீரோட்டம் நன்றாக இருந்தால் ஆக்சிஜன் அங்கே தங்காமல் அடித்துச் செல்லப்படும், குமிழிகள் குறையும். ஆகவே பம்பைத் திருப்பி வைத்தபின் முத்துகள் குறைந்ததென்றால் செடி சுணங்கிவிட்டது என்று முடிவுகட்டத் தேவையில்லை.

நின்ற படலம் செடிக்கு எப்போதும் எதிரி என்பதும் சரியில்லை. ஹைட்ரில்லா, எலோடியா வகைகளில் சில நிலைமைகளில் இலையின் அடிப்பக்கம் அமிலத்தைச் சுரந்து, மேல்பக்கம் காரமாகிவிடும். அடிப்பக்க அமிலத்தில் பைகார்பனேட் உடைந்து கார்பன் டைஆக்சைடாகி உள்ளே போகிறது. அந்த அமிலம் சுரந்த இடத்திலேயே தங்கினால்தான் வேலை நடக்கும். அதைத் தங்கவைப்பது அதே மெல்லிய நின்ற நீர். மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓர் இடத்தைத் தன் சமையலறையாக்கிக்கொள்ளும் இந்த இலையின் சாமர்த்தியம் எனக்குப் பிராண்டிலின் சமன்பாடுகளைவிட வியப்பாக இருக்கிறது.

மேற்பரப்பில் கதை வேறு. அங்கே தொட்டி காற்றோடு பண்டமாற்று செய்கிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் காற்றிலிருந்து சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் ஏற்கும். 30 டிகிரியில் 7.6. சென்னைச் சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30ஐத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, நீருக்கோ கொள்ளளவு குறைகிறது. பகலில் செடி ஈடுகட்டும். இரவில் செடியும் மூச்சுவிடும், வாங்கும் பக்கம் சேர்ந்துகொள்ளும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்பது இதனால். மேற்பரப்பில் எண்ணெய்போல் ஒரு படலம் படிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். புரதமும் நுண்ணுயிரும் சேர்ந்து விரித்த அந்தப் போர்வை வாயுப் பரிமாற்றத்தைத் தடுக்கும். தாரையைச் சற்று மேல்நோக்கித் திருப்பி நீர்மட்டம் சிலிர்க்கும்படி வைத்தால் போதும். சலசலவென்று தெறிக்கவிட்டால், காசு கொடுத்து ஏற்றிய கார்பன் டைஆக்சைடு பறந்துபோகும். பகலில் சிலிர்ப்பும் இரவில் கொஞ்சம் கலகலப்பும் நல்ல ஏற்பாடு. ஏர் ஸ்டோன் விடும் குமிழிகள் ஆக்சிஜனை நேரடியாக ஊட்டுகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். குமிழி மேலேறும் ஓரிரு நொடியில் கரைவது கொஞ்சம்தான். அடிநீரை மேலே தூக்கிவந்து மேற்பரப்பைக் குலைப்பதுதான் அதன் பெரிய தொண்டு.

நம் ஊரில் இதோடு மின்வெட்டும் சேரும். கேனிஸ்டர் ஃபில்டருக்குள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் மூச்சு. மூடிய டப்பாவுக்குள் ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை அவை தீர்த்துவிடும். மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போய்த் திரும்பி வந்ததும் அப்படியே ஓடவிட்டால், உள்ளே கெட்ட நீர் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். நீண்ட மின்வெட்டுக்குப்பின் டப்பாவைத் திறந்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, தொட்டி நீரிலேயே ஃபில்டர் பொருட்களை அலசிப் பொருத்துவது நல்லது. பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் மீனுக்குப் பிரச்சினை இல்லை.

மண்ணுக்குள் எந்தப் பம்பும் எட்டாது. அங்கே பெரும்பாலும் பரவல்தான் சட்டம். சில சென்டிமீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. வேர்கள் எப்படிச் சமாளிக்கின்றன? தாமரைத் தண்டைக் குறுக்கே வெட்டினால் தெரியும் அந்தத் துளைகள் வழியே. இலையிலிருந்து வேர்வரை காற்று இறங்கும் குழாய்கள் அவை. 1980இல் ஜான் டேசி என்ற ஆய்வாளர் ஒரு வகை மஞ்சள் அல்லியில் அதிசயமான ஒன்றை விளக்கினார். வெயிலில் சூடாகும் இளம் இலைகளுக்குள் காற்றழுத்தம் சற்றே உயர்கிறது. அந்த அழுத்தம் காற்றைத் தண்டு வழியே சேற்றுக்குள் புதைந்த கிழங்குக்குத் தள்ளி, பழைய இலைகள் வழியாக வெளியேற்றுகிறது. செடிக்குள் ஒரு காற்றோட்டம், பம்ப் எதுவுமில்லாமல், வெயிலை வைத்து. நம் தொட்டிச் செடிகள் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், அவற்றின் தண்டுகளிலும் காற்றறைகள் உண்டு. வேர்முனையில் கசியும் ஆக்சிஜன் சுற்றியுள்ள மண்ணை வாழத் தகுந்ததாக்குகிறது.

கடைசியில் மீனிடமும் கேட்டாக வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையின் வேகமான ஓடைகளிலிருந்து வந்த டெனிசன் கெண்டை, மிஸ் கேரளா என்று கடைகளில் விற்கும் அது, ஓட்டத்தை எதிர்த்து வரிசைகட்டி நிற்கும். உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் நீரின் இழுவையை அளந்துகொண்டே இருக்கும். சண்டை மீன் நேரெதிர். வயல்நீரும் குட்டையும் அதன் ஊர். தலையில் ஒரு தனி உறுப்பை வைத்துக்கொண்டு மேலே வந்து காற்றையே மூச்சாக இழுக்கும். வளர்ப்பில் நீட்டப்பட்ட துடுப்புகளோடு அதை வேகமான ஓட்டத்தில் விட்டால் நாள்முழுதும் போராடிக் களைத்துவிடும்.

ஓட்டம் குறைந்த அப்படிப்பட்ட தொட்டியில் செடி வளர்க்க முடியாதா? 1849இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 12 கேலன் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறிய தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் வைத்தார். அழுகும் இலைகளால் நீர் கெடத் தொடங்கியபோது குளத்து நத்தைகளைச் சேர்த்தார்; அவை கழிவைத் தின்றன, தொட்டி நிலைத்தது. பம்பே இல்லை. பாத்திரத்தில் மீன் குறைவு, வாலிஸ்நேரியாவோ பைகார்பனேட்டைத் தின்னத் தெரிந்தது, மீதியை வெப்பத்தால் பிறக்கும் மெல்லிய சுழற்சி பார்த்துக்கொண்டது. செடியின் பசி குறைவாக இருந்தால், தடித்த படலத்தின் வழியே சிறுகச் சிறுக வருவதே அதற்குப் போதும். பசியைத் தூண்டுவது வெளிச்சம். ஆகவே சண்டை மீன் வைத்திருப்பவர் பம்பைக் கூட்டாமல் விளக்கைக் குறைக்கலாம். இலங்கையின் நிழலான ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் வெண்டியை, பெக்கட்டியை அந்த மங்கிய வெளிச்சத்தில் நட்டு, ஃபில்டர் வாயைப் பின்கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் ஓட்டம் கண்ணாடியில் பட்டு உடைந்து மெதுவாகும். மாதத்துக்கு ஓரிரு இலைதான் வரும். அந்த வேகத்துக்கு வேண்டிய கார்பன் அந்த நீரிலேயே கிடைத்துவிடும்.